அமைச்சர் நின்ற கம்பளம்

சிப்பிமுனையில் அந்த ஆண்டு கச்சான் காற்று ஓய்கிற நேரத்தில் யாரும் எதிர்பாராத புயல் ஒன்று வந்தது, அது போகும்போது தஸ்நேவிஸையும் அவனோடு வள்ளத்தில் போன இரண்டு பேரையும் கொண்டுபோனது, அவர்கள் போனதால் அமைச்சர் வந்தார், அமைச்சர் வந்ததால் கம்பளம் வந்தது, கம்பளம் வந்ததால் ஊரில் வலி நின்றது. நடந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் நான் சொல்லப்போவதெல்லாம் வலி நின்ற ஊர் எப்படி நடந்துகொண்டது என்பதுதான்.

என் பெயர் கிறகோரி. ஊர் என்னை நோட்டீஸ் அண்ணாச்சி என்று கூப்பிடும். பள்ளிக்கூடம் எனக்கு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. மீதியைத் துண்டறிக்கைகளில் படித்தேன், பிறகு துண்டறிக்கைகளை நானே எழுதினேன். எங்கள் கரையில் நிற்கிற, அலையைத் தடுக்கிற தூண்டில் வளைவும் ஐஸ் அறையும் விளக்குக் கம்பமும் எவன் மனு எழுதி, மறியல் செய்து, சிறையில் படுத்து வாங்கியவை என்று கேட்டால் ஊர் பதில் சொல்லாது. நான் சொல்கிறேன். நான் வாங்கியவை.

அமைச்சர் துக்கம் விசாரிக்க வந்த அன்று, அவருடைய செருப்பு மணலில் புதையக்கூடாது என்பதற்காகக் காரிலிருந்து அந்தோணியார் கோயில் படி வரைக்கும் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். நான் கறுப்புக் கொடியோடு சாலையில் நின்றேன். என்னை ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்துவைத்து உப்புமா கொடுத்தார்கள். அமைச்சர் கம்பளத்தின் நடுவில் நின்று, உங்கள் துயரத்தை என் துயரமாக எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னாராம். அந்த வரியை எழுதிக்கொடுத்தவனைக் குறை சொல்ல மாட்டேன். அதே வரியை நானும் பல நோட்டீஸ்களில் எழுதியிருக்கிறேன். அவர் போய்விட்டார். பந்தல்காரர் கம்பளத்தைச் சுருட்டாமல் போனார். மறந்து போனாரா, வேண்டாமென்று போனாரா தெரியாது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கோயில் வளாகத்துக்குள் ஓர் இரவு தங்கிவிட்ட பொருள் அந்தோணியாருக்குச் சொந்தம். ஆடானாலும் சரி, தேங்காயானாலும் சரி, எவனோ விட்டுப்போன குடையானாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம் என்று ஏலத்துக்கு வரும், யார் எடுத்தாலும் அது அவருக்குப் புனிதரே கொடுத்தது மாதிரி. அப்படித்தான் கம்பளமும் ஏலத்துக்கு வந்தது. எடுத்தவன் கைத்தான், தஸ்நேவிஸின் அண்ணன். அவனுடைய விசைப்படகில் கேபின் பலகை சிலாம்பு விட்டு அவன் குதிகாலைக் கிழித்துக்கொண்டிருந்தது. சுக்கானுக்கு முன்னால் அந்தோணியார் படம் இருப்பதால் எங்கள் ஆட்கள் கேபினுக்குள் செருப்புப் போடுவதில்லை. மழையானாலும் குளிரானாலும் வெறுங்காலோடுதான் சுக்கான் பிடிப்பார்கள். கைத்தான் கம்பளத்தை அளவாக நறுக்கி, பசை தடவி, சுவரோரம் மரச்சட்டம் அடித்து, ஒரு சுருக்கம் இல்லாமல் அவனே ஒட்டினான். மிச்சத்தை எரித்துவிட்டான். தம்பியைத் தேடிப் போகிற படகு கொஞ்சம் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பான்.

அரசாங்கத்தின் கப்பல் தேடியது, விமானம் ஒரு தடவை வந்து போனது, பிறகு இரண்டும் நின்றன. அதனால் ஊர் டீசல் பிரித்துக் கைத்தானை அனுப்பியது. வீட்டுக்கு ஒரு கேன், இரண்டு கேன் என்று பெண்கள் தலையில் சுமந்துவந்து கொடுத்தார்கள். படகு மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது கரை முழுக்க ஆள் நின்றது. படகு நிறைய மீன் இருந்தது.

"தேடினியால?" என்று கேட்டேன்.

"தேடத்தான் அண்ணாச்சி போனோம்."

"பொறவு?"

"போனோம். தண்ணி தெளிவா இருந்துச்சு. மீன் நல்லா கெடந்துச்சு. மடிவலைய எறக்கினோம்."

"ஒன் தம்பில அவன்!"

"ஆமா, தம்பிதான்" என்றான் கைத்தான், மணி என்ன என்று கேட்டவனுக்குச் சொல்வது போல.

ஊர் மறுபடியும் டீசல் கொடுத்தது, படகு மறுபடியும் மீனோடு வந்தது. அப்போதுதான் தாய்க்காரி சலேத்தம்மாள் துடைப்பத்தோடு படகு கட்டும் ஜெட்டிக்கு வந்தாள். எங்கள் ஊரில் பெண் படகில் கால் வைக்கக்கூடாது. வைத்தால் மடி கிழியும், கடல் கோபிக்கும், ஊர்க் கமிட்டி தண்டம் போடும். சலேத்தம்மாள் எதையும் பார்க்கவில்லை. ஒரே தாவலில் ஏறி, "பெத்த வயிறு எரியுது, நீ சாளை மீனா புடிச்சிட்டு வாற?" என்று கத்திக்கொண்டே மூத்த மகனை அடிக்கக் கேபினுக்குள் போனாள். உள்ளே ஒரு அடிகூட விழுகிற சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தாள். துடைப்பம் கையில் இருந்தது. ஜெட்டியில் கிடந்த மீன் செதிலை அந்தத் துடைப்பத்தால் கூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்கினாள். தஸ்நேவிஸ் போனதிலிருந்து அவள் அடுப்புப் பற்றவைத்தது அன்றைக்குத்தான்.

பெண் படகேறிய குற்றத்தை விசாரிக்கக் கமிட்டி வந்தது. வந்தவர்கள் எங்கே ஏறினாள், எங்கே நின்றாள் என்று பார்ப்பதற்காகச் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராகக் கேபினுக்குள் போனார்கள், ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள், வெளியே வந்தவர்களுக்கு அந்தக் குற்றத்தில் கோபப்பட எதுவும் தெரியவில்லை. தலைவர், "ஏறினா ஏறிட்டுப் போறா" என்றார். தீர்ப்பு அதுதான். மறுநாள் காலையில் ஜெட்டியில் வரிசை நின்றது.

மூட்டு வலிக்காரர்கள் முதலில் வந்தார்கள், பிறகு பல்வலிக்காரர்கள், பிறகு காணாமல் போன மற்ற இருவரின் வீட்டார், பிறகு மகள் ஓடிப்போனவர்கள், மகன் வளைகுடாவிலிருந்து பேசாதவர்கள், பிறகு எந்த வலியும் இல்லாதவர்கள், எதற்கும் இருக்கட்டும் என்று. வெறுங்காலோடு ஒரு பரமண்டல மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம் நின்றால் போதும். பாதத்தில் தொடங்கி முழங்கால் வழியாக ஏறி, நெஞ்சைக் கடந்து, தொண்டையில் இருக்கிற கட்டி கரைந்து போகும். ஒரு நாள் தாங்கும், மறுநாள் மறுபடி நிற்கவேண்டும். கமிட்டி அதற்கு ஒழுங்கு போட்டது: காலையில் பெண்கள், மாலையில் ஆண்கள், கால் கழுவிவிட்டு ஏறவேண்டும், சுக்கானைத் தொடக்கூடாது. கைத்தான் கடலுக்குப் போவதை நிறுத்தினான். படகு ஜெட்டியில் கட்டியே கிடந்தது.

பங்குச்சாமி இதை மூடநம்பிக்கை என்று பிரசங்கத்தில் கண்டித்தார். கண்டிப்பதற்கு முன் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு திங்கட்கிழமை ஏறினார். அடுத்த ஞாயிறு அவர் நரகத்தையும் திருமண அறிவிப்பு ஓலையையும் ஒரே குரலில் படித்தார். மீன் ஏலத்தில் பேரம் நின்றது. வெளியூர் வியாபாரி என்ன சொன்னாலும் பெண்கள் கூடையைத் தள்ளிக் கொடுத்தார்கள். விழுந்த குழந்தைகள் எழுந்து முழங்கால் ரத்தத்தைப் பார்த்துவிட்டு விளையாடப் போனார்கள். கேபின் வாசலில் படுத்துப் பழகிய நாய் அந்நியரைக் கண்டு குரைப்பதை விட்டது. செபத்தியார் தெருவில் ஒரு பெரியவர் இறந்தபோது மாரடிக்க யாருக்கும் வரவில்லை. நன்றாக உடுத்திக்கொண்டு சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், காப்பி குடித்தார்கள். மாவட்டத்திலேயே அமைதியான ஊர் என்று தாசில்தார் வந்து பாராட்டிவிட்டுப் போனார்.

மீனவர் சங்கக் கூட்டம் கூட்டினேன். என் வாழ்நாளில் அவ்வளவு பேர் வந்ததில்லை. எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள், யாரும் இடையில் எழவில்லை, பீடி பிடிக்க வெளியே போகவில்லை. காணாமல் போனவர்களைத் தேடக் கப்பல் வேண்டும் என்று பேசினேன், கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாலையில் உட்காருவோம் என்றேன், தலையாட்டினார்கள். ஊரின் கோரிக்கை என்ன, சொல்லுங்கள் என்று கேட்டேன். ஒருவருக்கும் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. முப்பது வருடம் நான் தொண்டை கிழியக் கத்தியும் கிடைக்காத ஒழுக்கம் அந்தக் கூட்டத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

நான் அந்தக் கம்பளத்தில் ஏறவில்லை. அமைச்சர் கால் பட்ட துணியில் என் கால் படாது என்று ஊரறியச் சொல்லியிருந்தேன், சொன்ன சொல்லை விழுங்க எனக்குத் தெரியாது. அதை வீம்பு என்றார்கள். வீம்புதான்.

ஏறாத இன்னொரு ஆள் தெக்கிலா. தஸ்நேவிஸின் மனைவி, என் அக்கா மகள். மாமியாரும் நாத்தனாரும் கையைப் பிடித்து இழுத்தும் அவள் ஜெட்டிப் பக்கம் போகவில்லை. ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. அந்த ஊரில் அப்போது வீங்கிய முகம் அது ஒன்றுதான்.

"எல்லாரும் ஏறிட்டாவ, நீ ஏன் ஏறலன்னு கேக்காவ, மாமா."

"நீ என்ன சொன்ன?"

"எனக்கு வலிக்கிற வரைக்கும் அவிய கடல்ல இருக்காவன்னு சொன்னேன். புரியலங்காவ."

பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். தெற்கேயிருந்து வந்த ஒரு படகுக்காரர், கப்பல் போகிற வழிக்கு அப்பால், கடலுக்கடியில் கிடக்கிற பாறைப் பாரைத் தாண்டி, நீலச் சாயம் அடித்த வள்ளம் ஒன்று கவிழ்ந்து மிதந்ததைக் கண்டிருக்கிறார். ஏதோ அசைந்தது மாதிரி இருந்ததாம், அலை பெரியது, கிட்டே போகமுடியவில்லை என்றாராம். தஸ்நேவிஸின் வள்ளம் நீலம். ஊரோ வருகிற ஞாயிற்றுக்கிழமை வெறும்பெட்டி அடக்கம் வைத்திருந்தது. உடல் கிடைக்காதவனுக்கு எங்கள் ஊரில் பெட்டிக்குள் அவன் சட்டையையும் ஒரு கை கரை மணலையும் வைத்து ஆணி அடிப்போம். ஆணி அடித்த பிறகு அவனைத் தேடி எந்தப் படகும் போகாது. இறந்தவனைத் தேடிப் போனால் அவன் உயிரோடு இருப்பவனை அழைத்துக்கொள்வான் என்பது நம்பிக்கை. ஞாயிறு வந்தால் தஸ்நேவிஸ் முடிந்தான்.

"கைத்தான்கிட்ட கேளு" என்றேன்.

"கேட்டேன். படக எடுத்துக்கோன்னாவ. ஓட்ட வாங்க அத்தான்னேன், வாரேன்னாவ. எதுக்கும் மாட்டேன்னு சொல்லல. ஆனா அந்தத் துணி மேல நின்னுதான ஓட்டுவாவ? பாரத் தாண்டுறதுக்குள்ள எதுக்கு வந்தோம்னு போயிரும். மறுபடியும் மீனத்தான் கொண்டாருவாவ."

"அப்ப துணியப் பேக்கணும்."

"பேக்கணும்."

"ஊரு விடாதே, தெக்கிலா."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நல்லா இருக்கு. ஊரு விடாதுன்னு நீங்க சொல்லுதீய. இத்தன வருசமா என்னத்துக்குத்தான் நோட்டீசு அடிச்சீய?"

அன்று முழுக்க ஊரை எதிர்கொள்ளத் தயாரானேன். என்ன பேச வேண்டும் என்று எழுதிவைத்தேன். கல் விழுந்தால் எங்கே நிற்பது, கமிட்டி தடுத்தால் யார் பெயரைச் சொல்வது என்று யோசித்து வைத்தேன். மறுநாள் காலையில், பெண்கள் வரிசை நிற்கிற நேரத்தில், சுத்தியலும் சுரண்டுகிற பட்டித் தகடும் கத்தியும் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு நானும் தெக்கிலாவும் கால்களில் தடித்த ரப்பர் செருப்போடு ஜெட்டிக்குப் போனோம். வரிசை எங்களுக்கு வழி விட்டது. கம்பளத்தைப் பிய்த்து எறியப்போகிறோம் என்று உரக்கச் சொன்னேன். சரி என்றார்கள். கமிட்டித் தலைவர், "செருப்போடயா ஏறுதீய?" என்றார். ஆமாம் என்றேன். அவர் நகர்ந்துகொண்டார். கைத்தான் ஒரு கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான், வேறு யாருடைய படகையோ யாரோ பழுதுபார்ப்பது போல. தங்கள் வலியைத் தீர்த்த துணியைக் காப்பாற்றுகிற அளவுக்குக்கூட அவர்களிடம் வலி மிச்சமில்லை. எழுதிக்கொண்டுபோன பேச்சு சட்டைப்பையிலேயே இருந்தது. என் வாழ்நாளில் எதிர்ப்பே இல்லாமல் நடந்த போராட்டம் அது ஒன்றுதான், அது எனக்குப் பிடிக்கவில்லை.

கைத்தான் கெட்டிக்காரன், நன்றாக ஒட்டியிருந்தான். முதலில் உட்காரும் பெட்டியை ஆணி கழற்றி வெளியே எடுத்தோம். சுவரோரச் சட்டங்களைச் சுத்தியலின் பின்பக்கத்தால் நெம்பினோம். மூலையில் தகட்டைச் செருகித் தூக்கினால் கம்பளம் விரலளவு வந்து நின்றுவிடும். முழுதாக இழுத்தால் வராது என்று தெரிந்ததும் கையகல நாடாக்களாகக் கத்தியால் கீறி, ஒவ்வொரு நாடாவாக இழுத்தோம். தெக்கிலா பழைய சேலையைக் கிழித்துக் கையில் சுற்றியிருந்தாள். எனக்கும் சுற்றிவிட்டாள். இழுக்க இழுக்க அந்தத் துணி வழுக்கியது. நாலு நாடா வந்ததும் பொறுமை போய்ச் சுற்றை அவிழ்த்து எறிந்துவிட்டு வெறுங்கையால் பிடித்து இழுத்தேன்.

விரல் நுனியில் தொடங்கியது. பிறகு உள்ளங்கை, பிறகு மணிக்கட்டு. குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தது போல, பிறகு தண்ணீரும் இல்லாதது போல. நன்றாக இருந்தது. ஊர் ஏன் வரிசையில் நின்றது என்று என் கைகளுக்குப் புரிந்தது.

"மாமா, கையில ஆணி" என்றாள் தெக்கிலா.

பார்த்தேன். சட்டத்தில் இருந்த ஆணி உள்ளங்கைக்குள் போய்க் கிடந்தது. ரத்தம் வந்துகொண்டிருந்தது. வேறு யாருடைய கையிலிருந்தோ பிடுங்குவது போலப் பிடுங்கினேன். ஊருக்குக் கால்களில் ஒரு நாள் தாங்கியது என் கைகளில் நிலைத்துவிட்டது, அன்றைக்குப் பிறகு இந்தக் கைகளால் முஷ்டி பிடிக்க முடிந்ததில்லை. விரல்கள் மடங்கும், ஆனால் எதையாவது பிடித்திருக்கிறோமா இல்லையா என்று அவற்றுக்குத் தெரியாது.

மேல்துணி போன பிறகும் அடியில் இருந்த நுரை பலகையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அதில் ஒரு துணுக்கு இருந்தாலும் போதும், காலில் ஏறிவிடும். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, தகட்டால் சுரண்டி, மறுபடி ஊற்றி, மறுபடி சுரண்டினோம். பலகை இடுக்குகளில் தெக்கிலா ஊசியால் குத்தி எடுத்தாள். உச்சி வெயில் கேபினுக்குள் இறங்கியபோது பலகை மஞ்சளாக, ஈரமாக, நிர்வாணமாகக் கிடந்தது. காய விட்டோம்.

வெறும் பலகையில் ஓட்ட முடியாது, சிலாம்பு காலைக் கிழித்துவிடும். அதனால் பால் சங்கத்துக்காரரிடம் சொல்லி மாட்டுக் கொட்டகையில் போடுகிற ரப்பர் விரிப்பு ஒன்று வாங்கி வந்திருந்தேன். கறுப்பு, தடிமன், மேலே குமிழ் குமிழாக, மாடு வழுக்காமல் இருக்க. சுக்கான் தண்டைச் சுற்றி வளைவாக வெட்ட அளவுத் தாள் வேண்டும். வீட்டில் கட்டுக் கட்டாகக் கிடந்த பழைய நோட்டீஸ்களை ஒன்றோடொன்று ஒட்டித் தரையில் விரித்து, ஓரத்தை விரலால் மடித்து வெட்டினேன். என் எழுத்து எதற்காவது சரியாகப் பொருந்தியது என்றால் அந்தத் தரைக்குத்தான். அந்தத் தாளை ரப்பர் மேல் வைத்து, கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்து தெக்கிலா வெட்டினாள். இந்தத் தடவை பசை போடவில்லை. ஒட்டினால் அடியில் தண்ணீர் தங்கிப் பலகை அழுகும். சட்டம் மட்டும் அடித்தோம், வேண்டும்போது தூக்கிக் காயப்போடலாம்.

வெளியே வந்தபோது ஜெட்டியில் நாங்கள் எறிந்த சிவப்பு நாடாக்கள் ஒன்றும் இல்லை. ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். சண்டை இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. தடுத்திருக்க வேண்டும். எனக்கு அப்போது படகு மட்டும் போதும் என்றிருந்தது.

"அத்தான், வாங்க" என்று தெக்கிலா கைத்தானைக் கூப்பிட்டாள். அவன் எழுந்து வந்து சுக்கானைப் பிடித்தான். அவள் இறங்கவில்லை, நானும் இறங்கவில்லை. புருஷன் காணாமல் போன பெண் படகில் ஏறிக் கடலுக்குப் போவது எங்கள் ஊரில் கேட்டே இராத செய்தி. கரை முழுக்க ஆள் நின்று அதைப் பார்த்தது. ஒரு வாயும் திறக்கவில்லை. அப்படித்தான் பெண் கடலுக்குப் போகக்கூடாது என்ற கட்டுப்பாடு முடிந்தது. நான் அதற்கு எதிராக எழுதிய நோட்டீஸ்களுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

கலங்கரை விளக்கைத் தாண்டும் வரை கைத்தான் ஒரே நிலையில் நின்று ஓட்டினான். அதற்கப்பால் கால் மாற்றி நின்றான். மறுபடி மாற்றினான்.

"காலு என்னமோ செய்யுது அண்ணாச்சி."

"என்ன செய்யுது?"

"குத்துது." பிறகு கொஞ்ச தூரம் போனதும், "எத்தன தடவ போனேன்?" என்று கேட்டான்.

"ரெண்டு தடவ."

"ரெண்டு தடவயும் மீனா கொண்டுவந்தேன்?"

அவன் சுக்கானை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, நெற்றியை மாட்டு விரிப்பில் முட்டி முட்டி, தம்பி தம்பி என்று ஒரு மிருகத்தின் குரலில் அலறினான். நான் சுக்கானைப் பிடித்தேன். பிடித்தேன் என்பது கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது. தெக்கிலா படகின் முன்முனையில், அணியத்தில் நின்றபடி திரும்பிப் பார்க்காமல், "அழுதுட்டு எந்திரிங்க, வழி ஒங்களுக்குத்தான் தெரியும்" என்றாள். எழுந்தான்.

மறுநாள் காலை வெளிச்சம் நன்றாக ஏறிய பிறகு வள்ளத்தைக் கண்டோம், கவிழ்த்துவைத்த நீலச் சட்டி மாதிரி. தஸ்நேவிஸ் அதன் மேல் கிடந்தான். மற்ற இருவரும் இல்லை. அவன் இடுப்பைச் சுற்றி நங்கூரக் கயிறு, கயிற்றின் மறுமுனை வள்ளத்தின் அடிக்கட்டையில். கண்டுபிடிக்க வருவார்கள், அதுவரை கடல் கொண்டுபோய்விடக் கூடாது என்று கட்டியிருக்கிறான். மழைத்தண்ணீரிலும் பச்சை மீனிலும் இத்தனை நாள் ஓட்டியிருப்பான். உயிர் இல்லை. போய் அதிக நேரமும் இல்லை; கைத்தான் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

கயிற்றை அறுக்கவேண்டாம், நான் அவிழ்க்கிறேன் என்றாள் தெக்கிலா. அவிழ்க்கும்போது கை நின்றது.

"மாமா, இங்க பாருங்க. ஒரு தடவ போட்ட முடிச்சு இல்ல இது."

கயிற்றில் வரிசையாக, விரலிடை விரலிடையாகத் தேய்ந்த தடங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் முன்பு முடிச்சு இருந்த இடம். உடம்பு மெலிய மெலியக் கயிறு தளர்ந்திருக்கிறது, தளரத் தளர அவிழ்த்து இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டியிருக்கிறான், அப்படிப் பல தடவை, படகு முதல் தடவை மீனோடு திரும்பியபோதும், இரண்டாம் தடவை திரும்பியபோதும், ஊர் கால் கழுவிவிட்டு வரிசையில் நின்றபோதும், நான் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோதும். கைத்தான் அந்தத் தடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டான். கண் காய்ந்தே கிடந்தது. கம்பளம் இல்லாமலே சிலருக்கு அப்படி மரத்துப்போகும்.

ஊர் திரும்பியபோது அடுத்த நாள் நடுப்பகல். ஜெட்டியில் கூட்டம் நின்றது. தஸ்நேவிஸைப் பலகையில் வைத்து நானும் கைத்தானும் இன்னும் இரண்டு பேரும் தூக்கினோம். அந்த இருவரும் கூப்பிட்டதும் வந்தார்கள், என்ன தூக்குகிறோம் என்று பார்க்கவில்லை. தெக்கிலா முன்னால் நடந்தாள், கயிறு அவள் தோளில் இருந்தது. தலைமுடியை அவிழ்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு அவள் அழுதாள். எங்கள் ஊரில் ஒரு பெண் அழத் தொடங்கினால் ஒப்பாரியின் அடுத்த அடியை அடுத்த பெண் எடுப்பாள், அதற்கடுத்ததை அடுத்தவள். ஒருத்தியை முழுப் பாட்டையும் அழவிட மாட்டார்கள். தெக்கிலா ஒவ்வொரு அடியையும் பாடிவிட்டு நிறுத்தினாள். யாரும் எடுக்கவில்லை. மறுபடி அவளே பாடினாள். தெரு நெடுக வாசல்களில் சிவப்புத் துண்டுகள் கிடந்தன, அவற்றின் மேல் பெண்கள் நின்றார்கள், ஆண்கள் நின்றார்கள், பிள்ளைகள் இடம் போதாமல் ஒற்றைக் காலில் நின்றார்கள். மரியாதையாகப் பார்த்தார்கள். அவள் குரல் கோயில் முனைக்கு வருவதற்குள் காற்றாகிவிட்டது.

சலேத்தம்மாள் தன் வாசல் துண்டின் மேல் நின்றிருந்தாள்.

"தஸ்நேவிஸ் வந்துட்டானா?" என்றாள். "வெயில்ல வந்திருக்கான். குடிக்கத் தண்ணி குடுங்க."

நாங்கள் பலகையை இறக்கினோம். தெக்கிலா மாமியார் முன்னால் போய் நின்றாள். திட்டவில்லை, இழுக்கவில்லை. தோளில் கிடந்த கயிற்றின் ஒரு முனையை எடுத்து அவள் கையில் வைத்தாள். "இதப் புடிங்க அத்தை" என்றாள். குரல் இல்லை, வாய் அசைந்தது.

சலேத்தம்மாள் வலை முடிந்து பழகியவள். விரல்கள் தாமாகவே கயிற்றில் நகர்ந்தன. முதல் தடத்தில் நின்றன. அடுத்ததற்குப் போயின. அடுத்ததற்கு. எண்ணுவது போல இல்லை, படிப்பது போல. இன்னும் இருக்கிறதா என்று கயிற்றை இழுத்தாள். கயிறு தெக்கிலாவின் தோளிலிருந்து சரிந்து மணலில் விழுந்தது, மிச்சத் தடங்கள் மணலில் கிடந்தன. அவற்றைத் தொடுவதற்காகக் கிழவி துண்டிலிருந்து ஒரு காலை எடுத்து வெளியே வைத்தாள். பிறகு இன்னொரு காலை.

குனிந்தவள் அப்படியே நின்றாள். ஒரு பாதத்தைத் தூக்கினாள், அதை வைத்துவிட்டு மற்றதைத் தூக்கினாள். பலகையில் கிடந்தவனைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், தெரு நெடுக அசையாமல் நிற்கிறவர்களைப் பார்த்தாள்.

"சுடுது" என்றாள். யாரும் அசையவில்லை என்று கண்டு, இன்னும் உரக்க, தெருவின் அந்தக் கோடிக்கும் கேட்கும்படி, "ஏ, மணலு சுடுது" என்றாள்.